வட இங்கிலாந்தின் சின்ன மைதானங்களில் கால்பந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மான்செஸ்டர், லீட்ஸ், ஷெஃபீல்ட், நியூகாசில் பக்கம் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்கள், சனிக்கிழமை மதியம் எங்கே போகிறாய் என்று என்னிடம் கேட்பதுண்டு. நான்-லீக் ஆட்டம் பார்க்க என்று சொன்னதும் அடுத்தடுத்து கேள்விகள் வரும். அவற்றையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நான்-லீக் என்றால் எந்த ஆட்டங்கள்?

இங்கிலாந்துக் கால்பந்து பல அடுக்குகளாக அமைந்தது. மேலே பிரீமியர் லீக்கில் 20 கிளப், அதன் கீழே மூன்று அடுக்குகளில் தலா 24. ஆக 92 கிளப். ஐந்தாம் அடுக்கிலிருந்து கீழே இருப்பதையெல்லாம் சேர்த்து நான்-லீக் என்கிறார்கள். ஐந்தாவது நேஷனல் லீக். ஆறாவது, வடக்குக்கு நேஷனல் லீக் நார்த். ஏழு, எட்டாம் அடுக்குகளில் நார்தர்ன் பிரீமியர் லீக். ஒன்பது, பத்தில் வட்டார லீக்குகள்: வடகிழக்கில் நார்தர்ன் லீக், லங்காஷயர் பக்கம் நார்த் வெஸ்ட் கவுண்டீஸ், யார்க்‌ஷயர் பக்கம் நார்தர்ன் கவுண்டீஸ் ஈஸ்ட். அதற்குக் கீழேயும் உண்டு, பூங்காவில் கயிறு கட்டி ஆடும் ஆட்டம் வரைக்கும்.

அடுக்குகளுக்கு நடுவே கதவு திறந்தே இருக்கிறது. ஜெயித்தால் ஏறலாம், தோற்றால் இறங்கலாம். அதனால் நான் கீழே சொல்லும் கிளப்புகள் நீங்கள் படிக்கும்போது எந்த அடுக்கில் இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிவியில் பிரீமியர் லீக் இருக்கும்போது இதை ஏன் போய்ப் பார்க்க வேண்டும்?

முதலில் ஒரு தகவல். சனிக்கிழமை மதியம் 2:45 முதல் 5:15 வரை இங்கிலாந்தில் பொதுவாகக் கால்பந்தாட்டங்களை டிவியில் நேரலையாக ஒளிபரப்பக் கூடாது. 1960களிலிருந்து இருக்கும் ஏற்பாடு இது. சின்ன கிளப்புகளின் வாசலுக்குக் கூட்டம் வர வேண்டும் என்பதற்காகவே வைத்தார்கள். அந்த நேரத்தில் நாடு முழுவதும் மூன்று மணி ஆட்டங்கள் தொடங்குகின்றன. அவற்றில் ஒன்று உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் நடந்துகொண்டிருக்கும்.

ஆனால் நான் போவதற்கு முக்கியக் காரணம் காது. பெரிய மைதானத்தில் கூட்டத்தின் சத்தம் கேட்கும். இங்கே ஆட்டத்தின் சத்தம் கேட்கும். கோல் கம்பத்துக்குப் பின்னால் இரும்புக் கம்பியில் சாய்ந்து நின்றால், கார்னர் வரும்போது கோல்கீப்பர் தன் ஆட்களை யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று பெயர் சொல்லி விரட்டுவது கேட்கும். தடுப்பாட்டக்காரர் பாயும்போது ஈரப் புல் கிழிகிற சத்தம் வரும். பக்கக்கோட்டு நடுவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஓடுவார். ஆஃப்சைடு ஏன் கொடுத்தார் என்று ஒரு பெரியவர் கேட்பார், அவரும் திரும்பிப் பதில் சொல்லிவிட்டு ஓடுவார். இந்த நெருக்கத்தைப் பெரிய மைதானத்தில் எவ்வளவு கொடுத்தாலும் வாங்க முடியாது.

அடுத்தது பணம். ஒன்பதாம் அடுக்குக் கிளப்புக்கு ஒரு சனிக்கிழமை நூற்றைம்பது பேர் வருகிறார்களா இருநூறு பேர் வருகிறார்களா என்பது பெரிய விஷயம். நடுவர்களுக்குக் கொடுக்க வேண்டும், ஃப்ளட்லைட்டுக்குக் கரண்ட் கட்ட வேண்டும், புல் வெட்ட வேண்டும். நீங்கள் கொடுக்கும் பத்து பவுண்டும், ஒரு டீக்கும் பை (pie) என்ற அடைத்த பலகாரத்துக்கும் தரும் காசும் நேராக அதற்குத்தான் போகின்றன. வாசலில் டிக்கெட் கிழிப்பவர், தரையைக் கவனிப்பவர், டீ ஊற்றுபவர் எல்லாரும் பெரும்பாலும் சம்பளம் இல்லாமல் வந்து நிற்பவர்கள். அந்த ஊரின் நிலக்கரிச் சுரங்கமோ பஞ்சாலையோ மூடி வருடங்கள் ஆகியிருக்கும். கிளப் மட்டும் இன்னும் திறந்திருக்கிறது.

எந்த அடுக்கில் தொடங்கலாம்?

ஏழிலிருந்து ஒன்பதுக்குள். ஐந்தாம் அடுக்கில் இப்போது பெரும்பாலும் முழுநேர ஆட்டக்காரர்கள். மைதானமும் நடைமுறையும் மேல் அடுக்குகளைப் போலவே இருக்கும். ஏழு முதல் ஒன்பது வரை ஆட்டத்தில் தரமும் இருக்கும், கூட்டமும் கொஞ்சம் இருக்கும், ஆனால் நெரிசல் கிடையாது.

டிக்கெட் எவ்வளவு? முன்கூட்டியே எடுக்க வேண்டுமா?

ஒன்பதாம் அடுக்கில் சுமார் 8 முதல் 10 பவுண்டு. ஏழாம் அடுக்கில் அதைவிட மூன்று நான்கு பவுண்டு கூட. ஐந்தாம் அடுக்கில் இருபதை ஒட்டி வரும். மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பெரும்பாலும் சலுகை உண்டு, அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். வாசலுக்குப் போய்க் கொடுத்தால் போதும். கார்டு இப்போது பல இடங்களில் எடுக்கிறார்கள். ஆனாலும் இருபது பவுண்டு சில்லறையாகக் கையில் இருக்கட்டும். உள்ளே ரேஃபிள் என்ற குலுக்கல் டிக்கெட்டுக்கும் கோல்டன் கோல் சீட்டுக்கும் காசுதான். ஒட்டி மூடிய அந்தச் சீட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு நிமிட எண் இருக்கும். முதல் கோல் அந்த நிமிடத்தில் விழுந்தால் பரிசு உங்களுக்கு. வாங்குங்கள், கிளப்புக்கு அது முக்கியமான வருமானம்.

எங்கே உட்காருவது?

உட்காராதீர்கள். ஒரு சின்ன ஸ்டாண்டில் நாற்காலிகள் இருக்கும், மழை வந்தால் அங்கே ஒதுங்கலாம். மற்ற நேரம் மைதானத்தைச் சுற்றி நடக்கலாம். சொந்த அணி ரசிகர்கள், எதிரணி ரசிகர்கள் என்று வேலி கிடையாது. முதல் பாதியில் தங்கள் அணி தாக்கும் கோலுக்குப் பின்னால் நின்றவர்கள், இடைவேளையில் கொடிகளைச் சுருட்டிக்கொண்டு மறுபக்கம் போவார்கள். எதிரே வரும் எதிரணிக் கூட்டத்துக்கு வழி விட்டு, கிண்டலடித்துக்கொண்டு கடப்பார்கள். இதைப் பார்க்கவே ஒருமுறை போகலாம்.

வரலாறு பிடிக்கும். முதலில் எங்கே போகட்டும்?

ஷெஃபீல்டுக்கு. 1857இல் தொடங்கிய ஷெஃபீல்ட் எஃப்.சி. உலகின் மிகப் பழைய கால்பந்து கிளப். 2004இல் ஃபிஃபா தன் உயரிய விருதை இரண்டே கிளப்புகளுக்குக் கொடுத்தது: ரியல் மாட்ரிட், இன்னொன்று இவர்கள். இப்போது ஷெஃபீல்டுக்குத் தெற்கே டிரான்ஃபீல்டில் ஒரு பப்பை ஒட்டிய மைதானத்தில் ஆடுகிறார்கள்.

நகரத்தின் மேற்கே கிராஸ்பூலில் ஹாலம் எஃப்.சி. இருக்கிறது. 1860இல் தொடங்கியது. அவர்களுடைய சாண்டிகேட் மைதானத்தை உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானமாக கின்னஸ் ஏற்றிருக்கிறது. 1860 டிசம்பர் 26 அன்று இந்த இரண்டு கிளப்புகளும் இங்கே மோதின. உலகில் இரண்டு கிளப்புகளுக்கு இடையே நடந்த முதல் ஆட்டம் அதுதான். ஷெஃபீல்ட் 2-0 என்று ஜெயித்தது. அங்கே நின்று பாருங்கள், தரை சமமாக இருக்காது. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நன்றாகவே சரியும். மேட்டைப் பார்த்து ஆடும் பாதியில் அணிகள் திணறுவது கண்ணுக்குத் தெரியும். என்னைக் கேட்டால் வட இங்கிலாந்தில் ஒரே ஒரு மைதானம் பார்க்க நேரம் இருப்பவர் பார்க்க வேண்டியது இதுதான்.

அதே ஷெஃபீல்டுக்கு வடமேற்கே ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ். ஜேமி வார்டி ஆடிய கிளப். ஷெஃபீல்ட் வென்ஸ்டே என்ற பெரிய கிளப் 16 வயதில் அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. பகலில் தொழிற்சாலை வேலை, இங்கே வாரத்துக்கு 30 பவுண்டு. ஒரு வழக்கில் காலில் மின்னணுப் பட்டை கட்டி, மாலைக்குள் வீடு திரும்ப உத்தரவு இருந்த காலத்தில், ஆட்டம் முடியும் முன்னே மாற்று ஆட்டக்காரரை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். 2016இல் லெஸ்டரோடு பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் ஒரு ஸ்டாண்டுக்கு அவர் பெயர்.

டர்ஹாம் பக்கம் போக வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அங்கே என்ன இருக்கிறது?

நார்தர்ன் லீக் இருக்கிறது. 1889இல் தொடங்கியது, இன்றும் நடக்கும் லீக்குகளில் உலகிலேயே இரண்டாவது பழையது. சுரங்கக் கிராமங்களின் லீக். இந்தக் கிராமங்களில் போய் நிற்கும்போது சுற்றிலும் என்ன பெரிதாக நடந்திருக்க முடியும் என்று தோன்றும். நடந்திருக்கிறது.

வெஸ்ட் ஆக்லண்ட் டவுன் என்று ஒரு கிராமத்து அணி. 1909இல் இத்தாலியின் டூரின் நகரில் சர் தாமஸ் லிப்டன் பெயரில் நடந்த போட்டிக்கு இங்கிலாந்திலிருந்து போனவர்கள் இவர்கள்தான், பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளர்கள். ஜெயித்தார்கள். 1911இல் திரும்பப் போய் இறுதியாட்டத்தில் யுவென்டஸை 6-1 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தங்களுக்கே சொந்தமாக்கிக்கொண்டார்கள். பயணச் செலவில் கிளப் கடனில் விழுந்தது. உள்ளூர் ஹோட்டல் வைத்திருந்த அம்மாவிடம் 40 பவுண்டுக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1960இல்தான் 100 பவுண்டு கொடுத்து மீட்டார்கள். 1994இல் திருடு போனது. இப்போது இருப்பது அதன் நகல். ஊர்க்காரர்கள் அதை முதல் உலகக் கோப்பை என்றே சொல்கிறார்கள். நானும் மறுக்க மாட்டேன்.

பக்கத்திலேயே பிஷப் ஆக்லண்ட். சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களுக்கான அமெச்சூர் கோப்பையைப் பத்து முறை வென்ற கிளப், வேறு யாரும் அவ்வளவு வென்றதில்லை. 1958 பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் சிதைந்தபோது, ஆள் இல்லாமல் தவித்த அணிக்கு உதவ இந்தக் கிளப்பின் மூன்று பேர் போனார்கள்: பாப் ஹார்டிஸ்டி, டெரெக் லூயின், வாரன் பிராட்லி. பிராட்லி அப்படியே முதல் அணியில் இடம்பிடித்து அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்கும் ஆடினார்.

இன்னும் மேலே மலைமேட்டில் டோ லா டவுன். பின்னாளில் இங்கிலாந்துக்கு ஆடிய கிரிஸ் வாடில், சாசேஜுக்கான மசாலா செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே இங்கே ஆடி, 1980இல் நியூகாசிலுக்குப் போனவர். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில். ஏப்ரலிலும் கையுறை வேண்டும்.

கீழ் அடுக்குகளுக்கென்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) நடத்தும் எஃப்.ஏ. வாஸ் என்ற தேசியக் கோப்பை உண்டு. 2009 முதல் 2017 வரை ஒன்பது ஆண்டுகளில் எட்டு முறை அதை வென்றது வடகிழக்குக் கிளப்புகள்: விட்லி பே மூன்று முறை தொடர்ந்து, அப்புறம் டன்ஸ்டன், ஸ்பென்னிமூர், நார்த் ஷீல்ட்ஸ், மார்பெத், சவுத் ஷீல்ட்ஸ். ஒரு சின்ன வட்டாரம் இப்படி ஆதிக்கம் செலுத்தியது எனக்கு இன்றும் வியப்புதான்.

கார் இல்லாவிட்டால் டார்லிங்டனிலிருந்து பிஷப் ஆக்லண்ட் வரை ரயில் இருக்கிறது. அங்கிருந்து பஸ். 2025 தொடக்கத்திலிருந்து இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒரு வழிக் கட்டணத்துக்கு 3 பவுண்டு உச்சவரம்பு.

லிவர்பூல், மான்செஸ்டரில் இருக்கிறேன். பக்கத்தில் என்ன?

லிவர்பூல் என்றால் கிராஸ்பியில் மரீன். உள்ளூர் ரயிலில் பிளண்டல்சாண்ட்ஸ் அண்ட் கிராஸ்பி நிறுத்தத்தில் இறங்கி நடக்கலாம். மைதானத்தின் ஒரு நீளப்பக்கம் முழுக்க வீடுகளின் கொல்லைப்புறம். அந்தப் பக்கம் பார்வையாளர்கள் நிற்க இடமில்லை, பந்து அடிக்கடி யாருடைய தோட்டத்துக்காவது போகும். 2021 ஜனவரியில், பெரிய கிளப்புகளும் சின்ன கிளப்புகளும் சேர்ந்து ஆடும் எஃப்.ஏ. கோப்பைக்காக பிரீமியர் லீக்கின் டாட்டன்ஹாம் இங்கே வந்து ஆடியது. மரீன் அப்போது எட்டாம் அடுக்கில். கொரோனா காலம், உள்ளே யாரையும் விடவில்லை. பத்து பவுண்டுக்கு நினைவு டிக்கெட் என்று கிளப் விற்றது. 30 ஆயிரத்துக்கும் மேல் வாங்கினார்கள். ஆட்டம் 0-5. டிக்கெட் பணம் கிளப்பைத் தூக்கி நிறுத்தியது. ஆட்டத்துக்கு முன் நேரம் இருந்தால் கிராஸ்பி கடற்கரையில் சிற்பி ஆண்டனி கார்ம்லியின் நூறு இரும்பு மனிதச் சிலைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மான்செஸ்டரில் எஃப்.சி. யுனைடெட். 2005இல் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெடைக் கடன் வாங்கி விலைக்கு எடுத்ததை ஏற்காத ரசிகர்கள் தாங்களே தொடங்கிய கிளப். ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு, யார் எவ்வளவு பணம் போட்டாலும். 2015இல் மாஸ்டனில் சொந்த மைதானம் கட்டினார்கள். பாட்டு தொண்ணூறு நிமிடமும் நிற்காது. தனியாகப் போய் அமைதியாக நிற்கத் தயங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கிழக்கே மாஸ்லி கிளப்பின் சீல் பார்க்கிலிருந்து பென்னைன் மலைகள் தெரியும். யார்க்‌ஷயர் பக்கம் கடந்து போனால் எம்லி கிளப்பின் மைதானத்திலிருந்து 330 மீட்டர் உயர ஒளிபரப்புக் கோபுரம் தெரியும்.

சில குட்டி கிளப்புகளுக்கு ஏன் அவ்வளவு பெரிய மைதானம்?

அவை ஒருகாலத்தில் மேலே இருந்தவை. 1987க்கு முன் ஐந்தாம் அடுக்கிலிருந்து ஜெயித்து ஏற வழியில்லை. கடைசி இடங்களில் முடிந்த கிளப்புகளை வைத்துக்கொள்வதா வெளியேற்றுவதா என்று மற்ற கிளப்புகள் ஓட்டுப் போடும். அப்படி பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூ 1970இல், பாரோ 1972இல், வொர்க்கிங்டன் 1977இல், சவுத்போர்ட் 1978இல் வெளியேற்றப்பட்டன. நான்கும் வடக்குக் கிளப்புகள். தொலைதூர ஊர், சரிந்த தொழில், குறைந்த கூட்டம் என்றால் ஓட்டு விழாது. அது நியாயமில்லாத முறை என்றே நினைக்கிறேன். பாரோ திரும்பி ஏற 2020 ஆனது.

வொர்க்கிங்டனின் பரோ பார்க் மைதானத்துக்குப் போனால் இதை உணரலாம். பின்னாளில் லிவர்பூலை உயர்த்திய பில் ஷாங்க்லி பயிற்சியாளராக இருந்த இடம். 1958 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் வந்தபோது 21 ஆயிரம் பேர் நின்றார்கள். மியூனிக் விபத்துக்கு ஒரு மாதம் முன்பு.

சாப்பாடு? நான் சைவம்.

வடக்கில் மைதானம் என்றால் பை. இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்தது, பக்கத்தில் மசித்த பச்சைப் பட்டாணி. யார்க்‌ஷயரில் அதன்மேல் புதினா சாஸ். குளிரில் தட்டை இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிடும் சுகமே தனி.

சைவத்துக்குப் பெரும்பாலும் சீஸ் அண்ட் ஆனியன் பை கிடைக்கும். ஆனால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். யார்க்‌ஷயரில் பல இடங்களில் சிப்ஸைப் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறு. கோப்பையில் எல்லாரும் குடிக்கும் சூடான போவ்ரில், டீ போலத் தெரிந்தாலும் மாட்டிறைச்சிச் சாறு. ஹலால் கிடைப்பது அரிது, மதியமே சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

பியர் கையில் வைத்துக்கொண்டு பார்க்கலாமா?

ஐந்தாம் அடுக்கு வரை முடியாது. ஆடுகளம் தெரியும் இடத்தில் குடிக்க 1985 சட்டம் தடை விதிக்கிறது. அதற்குக் கீழே பொதுவாக முடியும்.

அங்கே நான் மட்டும்தான் வேற்று நிறத்தில் இருப்பேனோ?

சுரங்கக் கிராமங்களில் பல சமயம் ஆம். மறைக்க ஒன்றுமில்லை. நகரங்களில் அப்படி இல்லை. யாராவது உங்களிடம் வந்து எந்த அணி, எங்கிருந்து வந்தாய் என்று கேட்பார்கள்; பெரும்பாலும் புதுமுகம் வந்த சந்தோஷம்தான் அது. ஐந்து நிமிடத்தில் கிளப்பின் கதை முழுக்கச் சொல்லிவிடுவார்கள். ஆனால் யாராவது நிறத்தை வைத்து ஏதாவது சொன்னால் பொறுத்துப் போகாதீர்கள். மைதானத்தில் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டுவர்டிடம் (steward) உடனே சொல்லுங்கள். கால்பந்தில் நிறவெறியை எதிர்க்கும் கிக் இட் அவுட் அமைப்பிடமும் புகார் கொடுக்கலாம்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. பல இடங்களில் இலவசம் அல்லது ஒரு பவுண்டு. ஓடி விளையாட இடம் இருக்கும், நாய்களும் வரும். கெட்ட வார்த்தை காதில் விழும், அதைத் தடுக்க முடியாது.

மழை பெய்தால்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதுதான் பெரிய தலைவலி. காலையில் நடுவர் வந்து தரையைப் பூட்ஸால் அழுத்திப் பார்ப்பார், பந்தை உருட்டிப் பார்ப்பார். நீர் தேங்கினாலும் தரை உறைந்தாலும் ஆட்டம் ரத்து. கிளம்பும் முன் கிளப்பின் எக்ஸ் பக்கத்தைப் பாருங்கள், ரயிலில் போகும்போதும் பாருங்கள். செயற்கைப் புல் உள்ள ஒரு மைதானத்தை மாற்றாக மனதில் வைத்திருங்கள். மான்செஸ்டருக்குக் கிழக்கே ஹைட் யுனைடெட் அப்படிப்பட்டது.

எஃப்.ஏ. கோப்பையைச் சின்ன கிளப்பில் பார்க்க முடியுமா?

ஆகஸ்டிலேயே பார்க்கலாம். முதல் தகுதிச் சுற்றுகள் அப்போதே தொடங்கிவிடும், ஒன்பதாம் அடுக்குக் கிளப்புகளோடு. பரிசுப் பணம் அவர்களுக்குப் பெரிய தொகை என்பதால் ஆட்டம் சூடாக இருக்கும். எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு பிளைத் ஸ்பார்ட்டன்ஸ்தான் உதாரணம். 1978இல் ஸ்டோக் சிட்டியை அதன் சொந்த மைதானத்தில் 3-2 என்று வென்று ஐந்தாம் சுற்றுக்குப் போனார்கள். ரெக்ஸமோடு சமனில் முடிந்து, மறு ஆட்டம் நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில். 42 ஆயிரம் பேர் வந்தார்கள். 1-2 என்று தோற்றார்கள். பிளைத்தில் அதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

மைதானங்களை எண்ணிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்களாமே?

கிரவுண்ட்ஹாப்பர்கள். ஒவ்வொரு சனியும் புது மைதானம், கையில் நோட்டு, பையில் அன்றைய புரோகிராம். அன்பானவர்கள், எந்தப் பஸ் எங்கே போகும் என்று அவர்களைப் போல யாருக்கும் தெரியாது. நானும் புது இடம் போவேன். ஆனால் ஒரே கிளப்புக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் எனக்கு அதிகம் பிடிக்கும். மூன்றாவது முறை போகும்போது டீக்கடை அம்மா என்ன வேண்டும் என்று கேட்காமலே எடுத்துவைப்பார். இடது பின்களத்து ஆட்டக்காரர் எப்போது தடுமாறுவார் என்று நமக்கே தெரிந்துவிடும். ஆண்டுக்கொரு முறை நான்-லீக் டே என்று 2010 முதல் கொண்டாடுகிறார்கள்; அன்று சில கிளப்புகளில் கொடுக்க முடிந்ததைக் கொடுத்து உள்ளே போகலாம். முதல் முறை போக நல்ல நாள்.

ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிடலாமா?

அரை மணி நேரமாவது இருங்கள். கிளப்ஹவுஸ் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும். சுவரில் பழுப்பேறிய அணிப் படங்கள், மூலையில் டிவியில் மற்ற ஆட்டங்களின் முடிவுகள். கொஞ்ச நேரத்தில் ஈரத் தலையோடு ஆட்டக்காரர்கள் சாப்பிட வருவார்கள். தவறவிட்ட கோலைப் பற்றி ஸ்ட்ரைக்கரிடமே கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டம் என்றால் மட்டும் கவனம்: 7:45க்குத் தொடங்கி பத்து மணியை நெருங்கி முடியும், கிராமங்களில் கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடலாம். திரும்பும் வழியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.